கொம்பு இல்லாத மாமா

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்று பதினோரு வார்த்தை. போன வாரம் ஏழுதான்.

ராகவி சோபாவில் தலைகீழாகக் கிடந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் ஒரே டம்ளரைக் கால் மணி நேரம் துலக்கினேன். நாளை, மஞ்சள், காலுறை, பேருந்து, பாவம், ‘இல்லவே இல்லை’, இன்னும் நாலைந்து சில்லறைச் சொற்கள் என்று இத்தனையும் பிடிபட்டன. ஆனால் யாருடைய மஞ்சள் காலுறை, யார் பாவம் என்று தெரியவில்லை. டம்ளர் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பின்னால் இதை நானே படித்து ‘இவளுக்கு மறை கழன்றுவிட்டதா’ என்று நினைக்கக்கூடாது. அதனால் விளக்கமாக எழுதிவைக்கிறேன். என் மகளுக்குப் பதினாறு வயது. இங்கே ஆக்லாந்தில், எப்சம் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளியில் ஸ்பானிஷ் ஒரு பாடம். அவளும் அவள் தோழி கம்சாயினியும் இரண்டு வருடமாக போனில் ஸ்பானிஷில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஏனென்றால் இரண்டு அம்மாக்களுக்கும் தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும். பிசாசுகள்!

அதனால் பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு செவ்வாய் சாயந்திரமும் மவுண்ட் ஆல்பர்ட்டில் நானும் ஸ்பானிஷ் படிக்கிறேன். வீட்டில் யோகா வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தால், முன் வரிசையில் நோட்டுப் புத்தகமும் மூன்று கலர் பேனாவுமாக கம்சாயினியின் அம்மா செல்வநாயகி. “சும்மா, ஒரு விருப்பம்” என்றார். “எனக்கும் சும்மாதாங்க” என்றேன். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து, “உங்கட மகள் என்ன கதைக்கிறா எண்டு உங்களுக்கு விளங்குதே?” என்று காதில் கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

தமிழில் எழுதுவதால் இந்த நோட்டுக்கு ராகவியிடமிருந்து ஆபத்தில்லை. அவளுக்கு ‘அ’வும் ‘ஆ’வும் தெரியும், அதோடு சரி. என் வீட்டுக்காரர் சதாசிவத்துக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அவர் நான் எழுதிக் கொடுக்கும் மளிகை லிஸ்டையே மூன்றாவது வரிக்கு மேல் படித்ததில்லை.

8 ஜூன், ஞாயிறு

சதாசிவத்துக்கு முதுகுப் பிடிப்பு. “நீதான் நாலு மாசமா யோகாவுக்குப் போறியே, ஒரு ஆசனம் சொல்லிக் குடேன்” என்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. குப்புறப் படுக்கச் சொல்லி, ஒரு காலைத் தூக்கச் சொல்லி, எதிர்க் காதைப் பிடிக்கச் சொன்னேன். “இது பேர் என்ன?” என்றார். “கர்ண... கர்ண வக்ராசனம்” என்றேன். பத்து நிமிடம் அப்படியே கிடந்தார். எழுந்து, வலி போய்விட்டது என்கிறார்! நாளைக்கும் செய்யப்போகிறாராம். முருகா.

17 ஜூன், செவ்வாய்

முதல் முழு வாக்கியம் புரிந்தது!! ஒரு வார்த்தை விடாமல்! கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

“மி மமா நோ தியேனே இமஹினசியோன்.” என் அம்மாவுக்குக் கற்பனையே கிடையாது.

காரணமும் தெரியும். நேற்று கேட்டாள், “அம்மா, இஃப் யூ வேர் நாட் ஹியூமன், நீ என்னவா இருப்பே?” என்று. “மனுஷியாவே இருந்துட்டுப் போறேன், துணி மடிக்கணும்” என்று சொன்னேன். அதற்கா இந்தப் பட்டம்? கற்பனை இல்லாதவளா நான்? த்ரீ கிங்ஸ் மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நின்று, டாக்டர் கையெழுத்தைப் பார்த்து மாத்திரைப் பேர் சொல்கிறவளுக்கா கற்பனை இல்லை?

சாப்பிடும்போது வேண்டுமென்றே அவளுக்கு ரசத்தில் தக்காளியே இல்லாமல் ஊற்றினேன். அவள் கவனிக்கவில்லை.

24 ஜூன், செவ்வாய்

வகுப்பில் எங்கள் டீச்சர் மார்சேலா ஒரு நோட்டீஸ் ஒட்டினார். சிலி நாட்டுக்காரர், சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இங்கே உள்ள ஸ்பானிய வாசகர் வட்டம் ஒன்று சிறுகதைப் போட்டி வைக்கிறதாம். ஸ்பானிஷைப் பிற்காலத்தில் கற்றவர்களுக்கு மட்டும். அறுநூறு வார்த்தைக்குள். புனைபெயரில் அனுப்ப வேண்டும். தலைப்பு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் கற்பனைக் கதையாக இருக்க வேண்டும்.

கற்பனை! நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அதே சொல். என்னைப் பார்த்துக் கேட்கிற மாதிரியே இருந்தது. மார்சேலாவிடம் பேனா வாங்கி அங்கேயே பெயர் கொடுத்தேன்.

“உங்களுக்கு என்ன விசரே?” என்றார் செல்வநாயகி. “நாங்கள் இன்னும் இறந்தகாலம் படிச்சு முடிக்கேல்லை.”

“நிகழ்காலத்திலயே எழுதறேங்க.”

5 ஜூலை, சனி

ஒரு டிராகன் வைத்து ஆரம்பித்தேன். முதல் வரியில் டிராகன் ஒரு குகைக்கு வருகிறது. இரண்டாவது வரியில் அது எங்கே தூங்கும், குளிருக்கு என்ன செய்யும், சாணியை யார் அள்ளுவது என்று கவலை வந்துவிட்டது. மூன்றாவது வரியில் அதை விற்றுவிட்டார்கள்.

12 ஜூலை, சனி

பேசும் மரம். என்ன பேசும்? மழை வரும்போல என்றது. அதற்கு மேல் அதற்கும் விஷயமில்லை, எனக்கும் இல்லை.

அவள் சொன்னது சரிதானோ?

15 ஜூலை, செவ்வாய்

வகுப்பில் சண்டை போட்டேன். உறவுமுறைப் பாடம். அம்மா தம்பியும் ‘தியோ’வாம், அப்பா அண்ணனும் ‘தியோ’வாம், அத்தை புருஷனும் ‘தியோ’வாம். “அதெப்படி? மாமாவும் பெரியப்பாவும் ஒண்ணா? மாமா பையனைக் கட்டிக்கலாம், பெரியப்பா பையன் அண்ணன். ஒரே பேர் வெச்சா பந்தியில யாரு யாருன்னு எப்படித் தெரியும்?” என்று இங்கிலீஷும் ஸ்பானிஷுமாகக் கத்தினேன். மார்சேலா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: கதை எழுதும்போது உங்கள் வீட்டில் என்ன சொல்லோ அதையே போடுங்கள், வாசிக்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொன்னார். எழுத்துத் தலையில் வருகிற அந்தச் சின்னக் கோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கோடு இருந்தால் ஒரு அர்த்தம், இல்லாவிட்டால் வேறு அர்த்தம் என்று. இது எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. கொம்பு போட்டால் ‘பெ’, போடாவிட்டால் ‘ப’. ஒண்ணாங் கிளாஸில் படித்தது.

27 ஜூலை, ஞாயிறு

எழுதிவிட்டேன். ஒரே மூச்சில், அடுப்பில் பருப்பு தீயத் தீய.

கற்பனை வரவில்லை. போகட்டும் என்று நடந்ததை எழுதினேன். ராகவிக்குப் பதினோரு மாதம். ஆக்லாந்துக்கு விமானம் ஏற நாலு நாள் இருக்கும்போது எங்கள் ஊர் கோபியில் குலதெய்வம் கோவிலில் மொட்டை அடித்துக் காது குத்தினோமே, அது. எனக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் என் தாய்மாமா பழனிசாமியே மடி கொடுத்தார். முறுக்கு மீசை, ஆறடி, ஊரே பயப்படும். அந்த மனுஷன் ஆசாரி ஊசியை எடுத்ததும், “இர்றா, வலிக்குமா வலிக்காதான்னு மொதல்ல எனக்குக் குத்திப் பாரு” என்று தன் காதை நீட்டினார். குத்திக்கொண்டார். வலித்திருக்கிறது. கண்ணில் தண்ணீர். “வேண்டாம்டா, பாப்பாவுக்கு வேண்டாம்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோப்புக்குள் ஓடிவிட்டார். அறுபது பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மாமாவையும் பாப்பாவையும் காணோம். பின்னாலேயே ஓடிப் பிடித்துவந்து காது குத்தினோம். மாமா காதில் அந்த ஒற்றைக் கடுக்கன் இன்னும் இருக்கிறது.

மாமாவை ‘mama’ என்றே எழுதினேன். ஸ்பானிஷில் அம்மாவும் கிட்டத்தட்ட அதே சொல்தான், ஆனால் அதற்குக் கடைசி எழுத்தில் கொம்பு உண்டு. கொம்பு இருந்தால் அவர்கள் அம்மா, இல்லாவிட்டால் எங்கள் மாமா. குழப்பமே இல்லை. அதே மாதிரி அப்பாவுக்குக் கொம்பு உண்டு, ‘papa’ என்று கொம்பில்லாமல் எழுதினால் பாப்பா. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

31 ஜூலை, வியாழன்

எண்ணிப் பார்த்தால் அறுநூற்றுப் பதினான்கு வார்த்தை. எதை வெட்டுவது? ‘எங்கள் மொழியில் தாயின் சகோதரரை மாமா என்றும், கைக்குழந்தையைப் பாப்பா என்றும் அழைப்போம்’ என்ற முதல் வரியை வெட்டினால் கணக்குச் சரி. செல்வநாயகியிடம் போனில் கேட்டேன். “வெட்டுங்கோ. கதை எண்டால் நேரை சம்பவத்துக்குப் போக வேணும்” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

புனைபெயர் தோன்றாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மவுண்ட் ராஸ்கில் பஸ் வந்தது. ரோசா கில் என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று நாற்பத்திரண்டு வார்த்தை. கம்சாயினியின் நாய்க்கு வயிறு சரியில்லை. இதை ஏன் ரகசிய மொழியில் பேச வேண்டும்?

9 செப்டம்பர், செவ்வாய்

சதாசிவம் அலுவலகத்தில் நாலு பேருக்குக் கர்ண வக்ராசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

14 அக்டோபர், செவ்வாய்

முதல் பரிசு. எனக்கு. ரோசா கில்லுக்கு.

மார்சேலா வகுப்பில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். நடுவர் டான் இலாரியோ, உருகுவேக்காரர், ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியர், எழுதிய பாராட்டை எல்லாருக்கும் வாசித்தார். புரிந்த வரையில் தமிழில் எழுதுகிறேன்:

‘முறுக்கு மீசை வைத்த ஒரு தாய், ஓர் உருளைக்கிழங்கைத் தன் மடியில் வைத்திருக்கிறாள். ஊர் கூடி அந்த உருளைக்கிழங்கின் தோலைச் சீவுகிறது. பிறகு அதற்குக் காது குத்தப் பார்க்கிறது. உருளைக்கிழங்குக்கு ஏது காது என்று கேட்கும் துணிச்சல் அங்கே ஒருவருக்கும் இல்லை. மீசைக்காரத் தாய் தன் காதையே முதலில் கொடுக்கிறாள். பின்பு கிழங்கைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோப்புக்குள் ஓடுகிறாள். அறுபது பேர் இலையின் முன் பசியோடு உட்கார்ந்திருக்கும் கட்டத்தில், கிழங்கைச் சமைத்துவிடுவார்களோ என்று என் நெஞ்சு பதறியது. தாய் என்ற சொல்லின் தலையிலிருந்த கோட்டை ஆசிரியர் வேண்டுமென்றே எடுத்து, அவள் மூக்குக்குக் கீழே மீசையாக வைத்துவிட்டார். தாய்க்கு ஆண்பால் அடைமொழிகளைக் கொடுத்து இலக்கணத்தையும் மழித்துவிட்டார். நாற்பது வருடத்தில் இப்படியொரு கற்பனையை நான் வாசித்ததில்லை.’

உருளைக்கிழங்கா! போனில் ஸ்பானிஷ் பழக வைத்திருக்கும் செயலி அதற்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த சொல் ‘பதாதா’. அது ஸ்பெயினில் சொல்வதாம். மார்சேலாவின் பக்கத்திலும் இவர் பக்கத்திலும் அது ‘பப்பா’, நான் கொம்பில்லாமல் எழுதிய அதே ‘papa’. மொட்டையடிப்பதற்கும் தோல் சீவுவதற்கும் ஒரே வினைச்சொல் வேறு.

பாவி நான், அந்த முதல் வரியை வெட்டாமல் இருந்திருக்கக் கூடாதா?

15 அக்டோபர், புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்வநாயகி கடைக்கே வந்துவிட்டார். இருமல் மருந்து ரேக் பக்கம் ஒதுங்கிப் பேசினோம்.

“உண்மையைச் சொல்லிடலாமாங்க?”

“ஏன் சொல்ல வேணும்? நீங்கள் பொய் ஒண்டும் எழுதேல்லையே. அவையள் பிழையாய் வாசிச்சால் அது அவையின்ர பாடு.”

“கற்பனைக்குப் பரிசு குடுத்திருக்காங்க. அதுல ஒரு சொட்டு கற்பனை இல்லியே! நடந்தது நடந்தபடி எழுதியிருக்கேன். ராகவி சொன்னதுதானே சரின்னு ஆச்சு?”

அவர் யோசித்தார். “ஓம், அது கொஞ்சம் பிரச்சினைதான்” என்றார். பிறகு ஒரு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு இருமலே இல்லை.

18 அக்டோபர், சனி

இதுக்கு மேல் என்ன வேண்டும்? நவம்பர் ஒன்றாம் தேதி பரிசளிப்பு விழாவில் பரிசுக் கதைகளைப் பள்ளி மாணவர்கள் வாசிக்கிறார்கள். ரோசா கில்லின் கதையை வாசிக்க ராகவியின் பள்ளியைக் கேட்டிருக்கிறார்கள். பள்ளி ராகவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள். “நீயும் அப்பாவும் வரணும் ஓகே? உங்களுக்கு ஒண்ணும் புரியாது, பட் வாங்க” என்கிறாள். பிறகு போனில் கம்சாயினியிடம், இந்த ரோசா கில் யார் என்று தெரியவேண்டும், இப்படி ஒரு மூளை எனக்கு இருந்தால் என்று... நான் புடலங்காயை வெட்டிக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது. வெங்காயம் இல்லையே, என்ன சொல்வது? புடலங்காய்க்கு அழுத முதல் ஆள் நான்தான்.

சொல்லிவிட்டால், எட்டு மாதமாக ஒட்டுக்கேட்டதும் வெளியே வரும். அவள் இனிமேல் என் முன்னால் வாயே திறக்கமாட்டாள். சொல்லாவிட்டால், யாரோ ஒரு ரோசாவை அவள் கொண்டாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மார்சேலாவுக்கு மெசேஜ் போட்டேன்: ஆசிரியர் ஊரில் இல்லை என்று மேடையில் சொல்லிவிடுங்கள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. கோபிக்கு வீடியோ கால். அம்மா பலகாரத்தட்டைக் கேமரா முழுக்கக் காட்டினாள். பிறகு மாமா போனை வாங்கினார். வழக்கம்போல மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “பாப்பா, என்ன கண்ணு, சாப்பிட்டியா?” என்றார். திரையில் பாதி மீசை, ஒரு கடுக்கன், அவ்வளவுதான் தெரிந்தது.

ராகவி அந்த மீசையையும் கடுக்கனையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஹேப்பி தீபாவளி, மாமா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். முறுக்குக்கூட எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையோ?

1 நவம்பர், சனி

ஒழுங்காக எழுத வரவில்லை.

மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு ஹால். எண்பது பேர் இருப்பார்கள். சதாசிவம் முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார், எனக்கும் இடம் பிடித்து! செல்வநாயகி கதவோரம். ஏதாவது ஆனால் ஓடுவதற்கு வசதியாக என்றார். யார் ஓடுவதற்கு என்று சொல்லவில்லை. மார்சேலா நான் கேட்டபடியே, ரோசா கில் ஊரில் இல்லை என்றார். ராகவி மேடை ஏறினாள்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். ‘மமா’ என்று கடைசியில் அழுத்திச் சொல்லவில்லை. ‘மாமா’ என்றாள். நம்ம மாமா. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. ‘பப்பா’ இல்லை, பாப்பா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். சொல்லும்போதெல்லாம் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்தாளா, சிரித்தாளா? எனக்கு ஒண்ணும் தெரியல. ஐயோ, கண்டுபிடிச்சுட்டா, கண்டுபிடிச்சுட்டா என்று மனசு அடித்துக்கொண்டது. ஹாலில் அத்தனை பேரும் உருளைக்கிழங்குக்காக உருண்டு சிரிக்கிறார்கள். மேடையில் நிற்கிற உருளைக்கிழங்குக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது.

வாழைத்தோப்பு வந்தபோது குரல் தடுமாறி நின்றுவிட்டாள். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. “நோ எஸ் மமா” என்றேன். “எஸ் மி தியோ. அம்மா இல்லீங்க, மாமா! நான்தான் ரோசா கில்!”

ஹால் வெடித்தது. அதையும் கதையின் கடைசித் திருப்பம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள்! “இல்லை, நிஜமா, மாமா, என் அம்மாவோட தம்பி! உருளைக்கிழங்கு இல்லை, குழந்தை, இதோ நிற்கிறாளே இவள்!” என்று இங்கிலீஷிலும் சொன்னேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். டான் இலாரியோ கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார். சதாசிவம் என் முந்தானையை இழுத்து, “தமயந்தி, உனக்கு ஸ்பானிஷ் தெரியுமா? அப்போ யோகா?” என்கிறார்.

கடைசியில் மார்சேலா புரிந்துகொண்டு நடுவரின் காதில் சொன்னார். கிழவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அருகில் வந்து, “அந்த மனிதர் உண்மையிலேயே குழந்தைக்கு முன் தன் காதைக் குத்திப் பார்த்தாரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “தோப்புக்குள் ஓடியதும்?” ஆமாம். “அப்படியானால் கற்பனை அவருடையது, அம்மா. பரிசு உங்கள் மாமாவுக்குத்தான் சேரும். நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.”

பரிசு, ஒரு முழுப் பன்றித் தொடை. உப்புப் போட்டுக் காயவைத்தது, துணிப் பையில், வீணை மாதிரி. இதைக் கோபிக்கு எப்படி அனுப்புவது?

காரில் ராகவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “சின்ஸ் வென்?”

“பிப்ரவரி.”

வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் சீட்டில் பன்றித் தொடை.

2 நவம்பர், ஞாயிறு

பேசவில்லை. போனும் பேசவில்லை. வீடு மருந்துக்கடை மூடிய பிறகு இருப்பது மாதிரி இருக்கிறது.

4 நவம்பர், செவ்வாய்

என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவரின் பாராட்டை போனில் போட்டுத் தமிழாக்கி, சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார். ‘தமயந்தியின் மீசை வைத்த தாய், உருளைக்கிழங்கைப் பாலூட்டி வளர்க்கிறார், உலகப் பரிசு’ என்று.

காலையில் அம்மாவிடமிருந்து போன்.

“ஏண்டி, எனக்கு மீசையா மொளச்சிருக்குது?”

“அம்மா, அது நீ இல்ல, மாமா...”

“சந்தைக்குப் போனா அத்தன பேரும் மூஞ்சியக் குறுகுறுன்னு பாக்கறாளுக! ஒனக்குப் பால் குடுத்து வளத்ததுக்கு என்ன உருளைக்கெழங்கோட சேத்து எழுதிப்போட்டயே, நீ நல்லா இருப்பியாடி?”

பின்னால் மாமா சிரிக்கிற சத்தம். போனைப் பிடுங்கி, “கண்ணு, நீ எழுதுனது என்னயத்தான்னு எனக்குத் தெரியும். தோப்புக்குள்ள ஓடுனதையும் போட்டுட்டியா? போச்சு, மானம் போச்சு” என்றார். குரலில் மானம் போன மாதிரி இல்லை. அன்றைக்குப் பந்தியில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்லக்கூடாது என்று பதினைந்து வருடத்துக்கு முன்பே எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். எனக்கு மறந்தே போயிருந்தது.

9 நவம்பர், ஞாயிறு

இன்று பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“அது எங்க ரெண்டு பேருடையது. நாங்களா ஒரு இடம் கட்டி வெச்சிருந்தோம். நீ கேக்காம உள்ளே வந்துட்டே.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் கத்திவிட்டேன். “எங்கிட்ட ஒரு நாளைக்கு நீ எத்தன வார்த்த பேசறே? ‘ஃபைன்’. ‘வாட்எவர்’. ‘லேட்டர்’. மூணு! அங்க ரெண்டாயிரம் பேசறே. அதுல எனக்குப் பதினொண்ணு கெடச்சாக்கூடப் போதும்னு இருந்துச்சு. வேவு பாக்க வரலடி. நீ சிரிக்கறது எதுக்குன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

அவள் ஒரு சட்டையை எடுத்துத் தப்புத் தப்பாக மடித்தாள்.

“பதினொண்ணா?” என்றாள் தமிழில்.

“ஜூன்ல. இப்போ கொஞ்சம் கூட.”

“யூ ஹேவ் நோ இமாஜினேஷன்னு சொன்னது...”

“கேட்டுச்சு.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “தப்புதான். இனிமே ஒட்டுக் கேக்க மாட்டேன், சத்தியமா” என்று நான் சொன்னேன். மாமா காது குத்திக்கொண்டபோது எவ்வளவு ரத்தம் வந்தது என்று அவள் கேட்டாள். ஒரு சொட்டு என்றேன். அதற்கு அவர் எவ்வளவு கத்தினார் என்று கேட்டாள். அதைச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

11 நவம்பர், செவ்வாய்

யோகா இல்லை. வகுப்புக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனேன். சதாசிவத்துக்குத்தான் வருத்தம். கர்ண வக்ராசனம் என்று ஒன்று கிடையாது என்பதை அவர் நம்ப மறுக்கிறார்.

22 நவம்பர், சனி

சாயந்திரம் கம்சாயினியின் போன் வந்தது. ராகவி சோபாவில் தலைகீழாகத்தான் கிடந்தாள். எழுந்து போகவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்பானிஷில் பேச ஆரம்பித்துவிட்டு, என்னைப் பார்த்தாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு, பின்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக்குப் போனேன். துணிக்கொடியில் காய்ந்தது ஒன்றுமில்லை, ஈரமாகத் தொங்கியது ஒரு துண்டுதான். அதன் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணாடி வழியாக வாய் அசைவது தெரிந்தது. ஒரு கையை வீசி ஏதோ பெரிதாகக் காட்டினாள். யானை அளவு. பிறகு இரண்டு விரலால் ஏதோ சின்னதாக. பிறகு சோபாவிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சிரித்தாள். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

அவ்வளவு பெரியது என்னவாக இருக்கும்? அது எப்படி அவ்வளவு சின்னதாகும்? அதில் சிரிக்க என்ன இருக்கிறது? துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நானாக ஒன்றை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. இன்னொன்று வைத்தேன். அதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, ஒரு ஆற்றங்கரை, கதவு தட்ட ஒரு ஆள். அவன் தட்டினான். யார் திறந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

உள்ளே வந்ததும் உட்கார்ந்து ஸ்பானிஷில் எழுத ஆரம்பித்தேன். சோறு வைக்க மறந்துவிட்டேன். ஏழரைக்கு ராகவி வந்து எட்டிப் பார்த்து, “வாட்ஸ் திஸ்?” என்றாள். எண்ணிப் பார்த்தாள், தொள்ளாயிரம் வார்த்தை. நின்றுகொண்டே படித்தாள், கொம்பெல்லாம் எங்கே போடணுமோ அங்கே போட்டுக்கொண்டே. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கேட்டாள், “அம்மா, இது எப்போ நடந்துச்சு?”

நடக்கவே இல்லை.